கருமத்தம்பட்டி வழியாகச் சிம்டேகா

திருப்பூரிலிருந்து ஜார்க்கண்ட் போவதற்கு வழி தேடி அலைய வேண்டியதில்லை. ஆலப்புழாவிலிருந்து தன்பாத் போகிற வண்டி நம்மூரில் நின்றுதான் போகிறது. ஈரோடு, சேலம் தாண்டி, விஜயவாடா, விசாகப்பட்டினம் என்று ஆந்திரக் கரையோரமாக ஏறி, ஒடிசாவுக்குள் புகுந்து ரூர்கேலாவைத் தொடும். அங்கே இறங்கிப் பஸ் பிடித்தால் சிம்டேகா. பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற பல பையன்களுக்கு இந்த ஸ்டேஷன் பெயர்கள் வரிசை மாறாமல் மனப்பாடம்.

நாங்கள் போக நினைத்ததற்குக் காரணம் ஒரு வதந்தி. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. ஹோலிக்கு ஊர் போகிறவர்களோடு பயந்து போகிறவர்களும் சேர்ந்துகொள்ள, ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஊர் அடங்கியது. எங்கள் பங்கில் பூசைக்கு வருகிற சிம்டேகாப் பையன் ஒருவனின் அம்மா மட்டும் அடங்கவில்லை. மாதங்கள் போன பிறகும், ராத்திரி அவன் போனை எடுக்காவிட்டால் அழுதுவிடுவாராம். "நாமே போய் அந்தம்மாவையும் மத்த வீட்டுக்காரங்களையும் பார்த்துட்டு வந்தா என்ன?" என்றார் பங்குச்சாமி.

நோட்டீசில் 'மிஷன் பயணம்' என்று போட்டார்கள். அது எனக்கு உறுத்தியது. 2011 கணக்கெடுப்பின்படி சிம்டேகா மாவட்டத்தில் பாதிப்பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். இங்கே நாங்கள் ஒரு கைப்பிடி. யாருக்கு யார் மிஷன்? ஆனால் நோட்டீஸ் அச்சாகிவிட்டது.

டிசம்பரில் அங்கே குளிர் அதிகம் என்பதால் காதர்பேட்டையில் ஏற்றுமதிக்குப் போகாமல் தங்கிய ஸ்வெட்ஷர்ட்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கினோம். நெஞ்சில் ஏதோ ஐரோப்பிய ஊர்ப்பெயர் அச்சடித்தவை. திங்கட்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. அதற்குள் வங்கக் கடலில் மிக்ஜாம் புயல் உருவானது. கரையோர ரயில்கள் வரிசையாக ரத்தாயின, எங்கள் வண்டியும் சேர்த்து. ஞாயிறு காலை, டிசம்பர் 3, பூசை முடிந்து சாமி அதை அறிவித்தார். அன்று சவேரியார் திருநாள் வேறு; சீனாவுக்குக் கொண்டுபோகப் படகு வராமல், கரைக்கு எதிரே ஒரு தீவில் காத்துக்கிடந்தே 1552இல் இறந்தவர். எங்களுக்குச் சகுனம் பார்க்கிற வழக்கம் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

"ஏனுங் சாமி, டிக்கெட்டுப் பணம் திரும்பி வந்துருமுங்களா?" என்று கேட்டார் எங்களோடு வரவிருந்த பாட்டி. அன்று பேசியதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். மற்றவர்கள் உடனே ஆறுதலில் இறங்கிவிட்டார்கள். ஆண்டவர் ஒரு கதவை அடைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், ஏதோ விபத்திலிருந்து நம்மைக் காப்பாற்றியிருக்கிறார், இப்படி. மறுநாள் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றதை டிவியில் பார்த்தபோது அந்தப் பேச்சு எனக்குக் கசந்தது. எங்களை வீட்டில் உட்கார வைப்பதற்கு ஆண்டவர் சென்னையை மூழ்கடிக்க வேண்டியதில்லை. புயல் புயல்தான்.

லீவு போட்டாயிற்று, பை கட்டியாயிற்று. சும்மா இருப்பானேன், கருமத்தம்பட்டி மாதா கோயிலுக்காவது போய்விட்டு வரலாம் என்றார் சாமி. மங்கலம், சோமனூர் வழியாகப் பஸ். சோமனூரை நெருங்கும்போதே விசைத்தறிச் சத்தம் பஸ்ஸுக்குள் வந்துவிடும். பனியன் ஊர் முடிந்து காடாத் துணி ஊர் தொடங்குகிறது என்று காதே சொல்லிவிடும். சிம்டேகாப் பையனும் கூட வந்தான். அவனும் ஊருக்கென்று லீவு வாங்கியிருந்தவன்தானே.

ஜெபமாலை மாதா கோயில் கொங்குநாட்டின் பழைய கோயில்களில் ஒன்று. மெல்கியோர் தெ பிரெசியாக் என்ற பிரெஞ்சுக்காரர் 1846இல் ஆயரானது இங்கேதான். கோவையின் முதல் ஆயர். சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் எந்த அளவுக்கு விட்டுவைக்கலாம் என்ற தகராறில் மனசாட்சி ஒப்பாமல், பதவியை விட்டு ஊர் திரும்பினார். அதோடு ஓய்ந்திருக்கலாம். 1856இல் லியோன் நகரத்தில் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு மறைபோதகச் சபையைத் தொடங்கினார். அவர் கேட்டது தகோமே நாடு; ரோமாபுரி கொடுத்தது சியரா லியோன். 1859 மே 14 அன்று ஃப்ரீடவுனில் கப்பல் நின்றபோது ஊரெங்கும் மஞ்சள் காய்ச்சல். இறங்க வேண்டாம் என்று எச்சரித்தும் இறங்கினார். கூட இருந்த சாமிமார் ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஜூன் 25 அன்று அவரும். வயது 45. அங்கே அவர் எழுப்பிய கோயில் இல்லை, சேர்த்த கூட்டம் இல்லை. சேதி லியோனுக்குப் போனபோது, அங்கே தங்கியிருந்த ஒகுஸ்தின் பிளாங்க் என்ற பாதிரியார் சபையைக் கலைக்காமல் வைத்துக்கொண்டார். 1861இல் அவர்கள் தகோமேவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பிற்பாடு நடந்ததை வைத்து அந்தச் சாவுக்கு ஒரு காரணம் சொல்லிவிடலாம். படுத்துக் கிடந்தவருக்கு அப்படி எந்தக் காரணமும் தெரிந்திருக்காது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான். விசுவாசம் என்று சொல்வதானால் அந்த ஆறு வாரத்தைத்தான் சொல்வேன்.

அன்று ராத்திரி ஸ்வெட்ஷர்ட் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சிம்டேகாப் பையன் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போனோம். கிறிஸ்துமஸுக்கு ஊர் போகிறவர்களிடம் பிரித்துக் கொடுத்தனுப்பலாம் என்று யோசனை. ஒன்றரை ஷிப்ட் முடித்துப் பையன்கள் அப்போதுதான் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஸ்வெட்ஷர்ட்டை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்து, "பேட்லாக் தையல் விட்டிருக்கு அண்ணா, அதான் செகண்ட்ஸ்" என்றான். கொடுக்கப் போன எங்களுக்கு நல்ல வரவேற்பு.

அந்த அறையில் ஒரு லூத்தரன் பையனும் இருந்தான். ரயில் ரத்தான கதையைக் கேட்டதும் தன் சபைக் கதையைச் சொன்னான். ஜெர்மனியிலிருந்து காஸ்னர் என்ற பாதிரியார் அனுப்பிய நாலு பேர் பர்மா பக்கம் போவதற்காகக் கல்கத்தாவில் வந்து இறங்கியவர்கள். அந்தப் பயணம் கைகூடவில்லை. கல்கத்தாத் தெருவில் வேலை செய்துகொண்டிருந்த சோட்டா நாக்பூர்க் கூலிகளைப் பார்த்து, இவர்கள் எந்த ஊர் என்று விசாரித்து, 1845 நவம்பரில் ராஞ்சி போய்ச் சேர்ந்தார்கள். பெரியவர்கள் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற 1850 ஆகிவிட்டது. "எங்க ஆளுங்க அப்பவே வெளியூர்லதான் வேலை பார்த்தாங்க அண்ணா" என்று சிரித்தான். கதவு அடைபடுவதற்குக் காரணம் தேடுகிறவர்களுக்கு இது அல்வா மாதிரியான கதை. கூட வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த ஐந்து வருஷத்தைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது சிம்டேகாப் பையனுக்கு வீடியோ கால் வந்தது. அம்மா. சென்னை வெள்ளத்தை அவரும் டிவியில் பார்த்திருக்கிறார். பயப்படாதீர்கள் என்று சொல்லக் கிளம்பியவர்களிடம், கடல் உங்கள் ஊர்வரைக்கும் வந்துவிட்டதா, எல்லாரும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். மகன் தமிழாக்கினான். சாமி போனை வாங்கி, ஈஸ்டர் முடிந்து ஏப்ரலில் கட்டாயம் வருகிறோம் என்றார்.

அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ஏப்ரலில் இலுப்பைப்பூ உதிரும், விடியுமுன்னே எல்லாரும் கூடையோடு மரத்தடிக்குப் போய்விடுவோம், வீட்டில் உங்களுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இருக்காது என்றார்.

"கூடை மட்டும் எடுத்து வெக்கச் சொல்லு சாமி, பூப் பொறுக்க நானும் வாரேன்" என்றார் பாட்டி.