கரிசல் நத்தையின் கோடை

சித்திரை மாதம் திருச்சுழிப் பக்கம் குண்டாற்றங்கரை காய்ந்து கிடக்கும்போது, கார்த்திகை மழையில் ஊர்ந்த நத்தைகளைத் தேடுகிறவர்கள் தரையைப் பார்த்துப் பயனில்லை. மரத்தூர்களைப் பார்க்க வேண்டும். கரிசல் தரை கொதிக்கும். முழங்கால் உயரம் ஏறினாலே சூடு குறையும். அந்தக் கணக்கு நத்தைக்குத் தெரியும்.

பட்டையோடு வாய் வைத்து ஒட்டியிருக்கும் நத்தை செத்ததுபோலத்தான் தோன்றும். விழுந்து கிடக்கும் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் வாயை அடைத்து வெங்காயச் சருகு மாதிரி ஒரு ஏடு தெரியும். கண்மாய் நத்தைக்குப் பிறவியிலேயே கெட்டி மூடி உண்டு. தண்ணீர் வற்றினால் சாத்திக்கொண்டு சேற்றில் புதைந்துவிடும். மரத்தில் ஒட்டும் நத்தைக்கு அந்த வசதி இல்லை. தன் கோழையைக் காயவைத்தே கதவு செய்துகொள்கிறது. உள்ளே இதயத் துடிப்பும் மூச்சும் மிகவும் குறைந்துவிடும். மரத்தில் ஒட்டியிருப்பதை விளையாட்டுக்குப் பிய்த்தால் ஏடு கிழியும். மறுபடி இழைக்க, சேமித்த ஈரத்தைத்தான் அது செலவழிக்க வேண்டும்.

இப்படி ஒடுங்கிக் காத்திருப்பது வெயில் ஊர் நத்தைக்கு மட்டுமல்ல. ஸ்காண்டிநேவியா, சைபீரியா, அலாஸ்கா போன்ற குளிர் பகுதிகளில் வெர்டிகோ என்றொரு நத்தைப் பேரினம் உண்டு. ஓடு சுமார் 2 மில்லிமீட்டர்தான். பெரும்பாலான நில நத்தைகளுக்கு நான்கு கொம்புகள் என்றால் இதற்கு இரண்டே. பாசியிலும் சருகிலும் ஒடுங்கி அது பனிக்காலத்தைக் கழிக்கிறது. அதன் தூரத்துச் சொந்தம் நம் நாட்டின் வறண்ட நிலங்களில் இருக்கிறது: பியூப்பாய்டிஸ் சீனோபிக்டஸ். 1834-இல் ஹட்டன் என்பவர் பெயரிட்டது. சின்ன நெல்மணி அளவுகூட இராது. உறைபனியோ அக்கினி வெயிலோ, ஈரம் கிடைக்காத காலம் என்ற வகையில் நத்தைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தப் பொறுமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லண்டனில் ஒரு சான்று உண்டு. எகிப்துப் பாலைவன நத்தை ஒன்றை, செத்ததென்று எண்ணி 1846 மார்ச்சில் பிரிட்டிஷ் மியூசியத்தில் அட்டையில் ஒட்டிவைத்தார்கள். 1850-இல் வெதுவெதுப்பான நீரில் போட்டதும் அது தலையை நீட்டியது.

கரிசலில் சுக்கான் கல் நிறையக் கிடப்பதால் ஓடு கட்டச் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. வெயிலையும் நத்தை தாங்கிக்கொள்ளும். தீயைத்தான் தாங்காது. கண்மாய்க் கரையையும் வரப்பையும் சுத்தம் செய்கிறோம் என்று கோடையில் சருகுக்குத் தீ வைக்கிறோமே, அதில் கதவடைத்துத் தூங்கும் நத்தைகள் ஓடோடு வெந்துபோகின்றன. அந்தச் சருகை அரித்துக் குப்பைக்குழியில் போடுங்கள், உரமும் ஆகும்.