தாய் இருக்கும் அநாதைகள்

2017ஆம் ஆண்டு மார்கழி மாதம் மகளைப் பார்ப்பதற்காக ரொறன்ரோ சென்றிருந்தேன். ஒரு ஞாயிறு மாலை, ஸ்காபரோவில் உள்ள தமிழ்த் திருச்சபை ஒன்றின் கூட்டத்துக்குச் சம்பந்தி வீட்டார் என்னை அழைத்துச் சென்றனர். நான் சைவன். ஆயினும் சம்பந்தி அழைத்தால் மறுக்க இயலுமா?

வன்னியில் ஊழியம் செய்யும் போதகர் ஒருவர், தம்மை அனுப்பிவைத்த அந்தச் சபைக்கு அன்று வந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கனடாவில் பல ஆண்டுகள் தொழில் பார்த்தவர். போர் முடிந்தபின் மனைவியுடன் கிளிநொச்சி மாவட்டத்துக்குச் சென்று சிறுவர் இல்லம் ஒன்றை நடத்தி வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இங்கு வந்து, பணியைப் பற்றிச் சொல்லி, ஆதரவு திரட்டிச் செல்வது அவர் வழக்கமாம்.

திரையில் படங்கள் வந்தன. குளக்கட்டு, செம்மண் ஒழுங்கை, தகரக் கூரை, வெள்ளைச் சீருடையில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள். பின்னர் ஒவ்வொரு முகமாகக் காட்டினார். "இந்தப் பிள்ளைக்கு யாருமில்லை" என்று அவர் சொன்னபோது மண்டபத்தில் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டனர். முடிவில் அட்டைகள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் படம், பெயர், வயது, மாதாந்தச் செலவு ஆகியன இருந்தன. சம்பந்தியம்மா ஒரு சிறுமியின் அட்டையை எடுத்துக்கொண்டார். "பிரிட்ஜிலை ஒட்டி வைப்பம். ஒவ்வொரு நாளும் ஜெபிக்கலாம்" என்றார்.

அந்த அட்டையை அவரிடம் வாங்கிப் பார்த்தபோது எனக்கு வேறொரு படம் நினைவுக்கு வந்தது.

2010ஆம் ஆண்டு நான் வவுனியாவில் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தேன். முள்ளிவாய்க்காலிலிருந்து உயிர் தப்பி வந்து, செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த மக்கள் கட்டங்கட்டமாக ஊர் திரும்பத் தொடங்கியிருந்த காலம் அது. சிறுவர் இல்லம் ஒன்றைப் பற்றி ஞாயிறு இதழுக்குக் கட்டுரை எழுதினேன். ஒரு சிறுமியின் படம் அரைப்பக்கத்துக்கு வந்தது. அதன் கீழே, "தாய் தந்தையரை இழந்து தவிக்கும் பிஞ்சு" என்று எழுதியவன் நான். அப்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. இல்லத்தில் இருக்கும் பிள்ளை அநாதையாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இரண்டு வாரம் கழிந்து ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நாலாக மடித்த பத்திரிகைப் பக்கம்.

"ஐயா, இது என்ரை பிள்ளை. தகப்பன் இல்லை, அது உண்மை. ஆனா நான் செத்துப் போகேல்லை."

மூன்று பிள்ளைகள். தறப்பாள் கொட்டில். ஒருத்தியாவது மூன்று வேளை உண்டு படிக்கட்டும் என்று இல்லத்தில் விட்டிருந்தார். என்மீது கோபப்படவில்லை. "பள்ளிக்கூடத்திலை மற்றப் பிள்ளையள் பேப்பரைக் காட்டி, உனக்கு அம்மா இல்லையாம் எண்டு சொல்லுதுகளாம். பிள்ளை அழுகுது" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் உட்பக்க மூலையில் நான்கு வரியில் திருத்தம் போட்டோம். பிழைக்கு அரைப்பக்கம், திருத்தத்துக்கு நான்கு வரி. எங்கள் தொழிலின் வழக்கம் அது.

ஊழியர்கள் தாய்நாட்டுச் சபைகளுக்குச் சென்று கீழைநாட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரி ஜோன் ஸ்கடர், பின்னர் சென்னைக்கு மாறி, 1842 முதல் 1846 வரை அமெரிக்காவில் தங்கியிருந்தபோது ஊர் ஊராகச் சென்று தேவாலயங்களில் உரையாற்றினார். அங்கிருந்த சிறுவர்களே அவருடைய முதன்மையான சபையோர். வட்டுக்கோட்டைச் செமினரியிலும் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையிலும் சேர்ந்த பிள்ளைகளுக்கு, அவர்களின் செலவை ஏற்றுக்கொண்ட அமெரிக்கர்கள் விரும்பிய பெயர்களைச் சூட்டும் வழக்கமும் இருந்தது. அக்காலக் கல்விமான்களின் தமிழ்ப் பெயர்களுக்கு முன்னே கரல், நெவின்ஸ், வைமன் என்று காண்கிறோமே, அவை அந்த வழக்கத்தின் எச்சங்கள். நல்லூரில் வைமன் வீதி இன்றும் இருக்கிறது.

அந்தப் பணம் வீண்போனது என்று சொன்னால் நான் நன்றி மறந்தவனாவேன். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்தாம். ஆனால் விடுதியில் சேர்ந்த பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்கு ஊரிலே தாயும் தகப்பனும் இருந்தார்கள். கடல் கடந்து போன கதையில் மட்டும் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

நூற்றெழுபது ஆண்டுகள் கழிந்தும் இதிலே பெரிய மாற்றமில்லை. 2005இல் 'சேவ் த சில்ரன்' இலங்கையின் சிறுவர் இல்லங்களை ஆராய்ந்தபோது, அங்கிருந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருப்பது தெரியவந்தது. பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்பிய பெருங்காரணம் வறுமை. முள்ளிவாய்க்காலில் இருவரையும் இழந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை ஏற்றுக் காத்த இல்லங்களை நான் கண்டிருக்கிறேன். ஆனால் தகப்பனை மட்டும் இழந்தவர்கள் அவர்களிலும் பலர். இது கிறிஸ்தவ இல்லங்களுக்கு மட்டும் உரிய குறையுமன்று. சைவ இல்லங்களுக்காகப் புலம்பெயர் கோயில்களில் நிதி சேர்க்கும்போதும் அதே படங்களைத்தான் காட்டுகிறோம். அநாதைக்குக் காசு வருகிறது, விதவைக்கு வருவதில்லை. ஆகவே விதவையின் பிள்ளை அநாதையாகி விடுகிறது.

கூட்டம் முடிந்து தேநீரும் ரோல்சும் பரிமாறப்பட்டபோது போதகரிடம் சென்று, சம்பந்தியம்மா எடுத்த அட்டையைக் காட்டி, "இந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கிறாவா?" என்று கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. "இருக்கிறா. புதுக்குடியிருப்புப் பக்கம். தோட்டக் கூலி."

"அதைச் சொல்லியிருக்கலாமே, போதகர்?"

"ஐயா, நீங்கள் பத்திரிகைக்காரர். தலைப்பு எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். 'அநாதை' ஒரு சொல். தகப்பன் செத்து, தாய் கூலிக்குப் போய், மூன்று பிள்ளைகளைப் பார்க்க ஏலாமல் ஒன்றை எங்களிடம் விட்டது என்றால் அது பெரிய கதை. அந்தக் கதையைக் கேட்டு முடிக்க இங்கே ஆருக்கும் நேரமில்லை. அங்கே அடுத்த மாத அரிசிக்கு நான் பதில் சொல்ல வேணும்."

என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பெண் குழந்தைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் எனக்கு நினைவுக்கு வந்தார். 1895இல் இந்தியா வந்தவர் 1951இல் இறக்கும்வரை தாயகம் திரும்பவேயில்லை. மனிதரிடம் பணம் கேட்பதில்லை என்பது அவருடைய விரதம். ஆனால் அவரும் புத்தகங்கள் எழுதினார். அவற்றிலும் குழந்தைகளின் படங்கள் இருந்தன. தூரத்தில் இருப்பவருக்குச் சொல்லாமல் இந்தப் பணி நடவாது. ஆனால் சொல்வதைப் பிள்ளையின் தாய் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு சொல்லலாம். 2010இல் அந்த எண்ணம் எனக்கும் வரவில்லை.

வவுனியாவில் நடந்ததைப் போதகருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பிறகு அந்தப் பிள்ளை?" என்றார். "தெரியாது" என்றேன். அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

2019இல் அவர் மீண்டும் அந்தச் சபைக்கு வந்ததாகச் சம்பந்தி தொலைபேசியில் சொன்னார். இம்முறை பிள்ளைகளின் முகங்களைத் திரையில் காட்டவில்லையாம். ஒன்பது பிள்ளைகளை நன்னடத்தைத் திணைக்களத்தின் அனுமதியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்தச் செலவைத் தாய்மாரிடம் கொடுப்பதாகச் சொன்னாராம். சேர்ந்த பணம் முன்னையதிலும் குறைவு. "அப்ப பிள்ளையை ஏன் இல்லத்திலை விட்டவை?" என்று ஒருவர் எழுந்து கேட்க, போதகர் அந்தப் பெரிய கதையை முழுவதுமாகச் சொன்னாராம்.

"பிரிட்ஜிலை இருந்த அட்டை?" என்று கேட்டேன்.

"இன்னும் இருக்கு. இப்ப தாய்க்கும் சேர்த்து ஜெபிக்கிறா" என்றார் சம்பந்தி.

வவுனியாச் சிறுமிக்கு இப்போது இருபது வயது கடந்திருக்கும். அவள் படம் வந்த பக்கம் என் பழைய கோப்பில் இருக்கிறது. அந்த நான்கு வரித் திருத்தம் வந்த பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். அதை நான் வெட்டி வைத்திருக்கவில்லை.