கடைசியாகத் தொடும் கார்புரேட்டர்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், சிப்காட் ஆலைகளின் நெடி மூக்கில் ஏறும் இடம் குடிகாடு. அங்கே ஒரு தகரக் கொட்டகை முன்னால் மாமனாரின் பழைய அம்பாசடரை நிறுத்தினேன். அதுவாகவே நின்றது என்று சொல்வதுதான் நியாயம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும். மறுபடி கிளப்பினால் கரும்புகை. முன்பு பார்த்த மெக்கானிக் இரண்டு முறை கார்புரேட்டர் கிட் மாற்றி, இரண்டு முறையும் காசு வாங்கியிருந்தார்.

பானெட்டைத் திறந்த மேஸ்திரி கார்புரேட்டர் பக்கம் திரும்பவே இல்லை. நான்கு பிளக்கையும் கழற்றினார். நான்கிலும் அடுப்புக்கரி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்து பாயின்ட்டில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். ஏர் ஃபில்டரைத் தட்டினார்.

"கார்புரேட்டர்னு வர்ற வண்டில பாதி கரண்ட்டு கோளாறுதான் சார். அதனால இத கடைசியாத்தான் தொடுவேன்."

அன்று கடைசி வரைக்கும் போக வேண்டியிருந்தது. சோலெக்ஸ் கார்புரேட்டரைப் பிரித்தபோது கிண்ணத்தின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. இப்போது பம்பில் பிடிப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அந்த ஈரம் உலோகத்தை அரிக்கும், பழைய ரப்பர் குழாயையும் ஊத வைக்கும்.

ஜெட்டை அவர் கம்பியால் குத்தவில்லை. சோலெக்ஸ் ஜெட்டில் 120 என்றிருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். கம்பி கொஞ்சம் சுரண்டினாலும் கணக்கு போயிற்று. மீன்பிடிக்கிற ஊர் அல்லவா, தங்கூசி நரம்பில் ஒரு துண்டை நுழைத்து இழுத்தார்.

பிறகு பித்தளை ஃபுளோட்டை என் காதருகே ஆட்டினார். உள்ளே களக் களக். மேல்தொட்டியில் தண்ணீரை நிறுத்தும் பந்து செய்கிற வேலைதான் இதற்கும்; பெட்ரோல் ஏறினால் மிதந்து எழுந்து நீடில் வால்வை அடைக்க வேண்டும். வயிற்றில் பெட்ரோல் குடித்த ஃபுளோட் எப்படி எழும்? கொதிநீரில் அமுக்கியதும் ஓரத்திலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் கிளம்பின. அந்த இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டார். உள்ளே இருந்த பெட்ரோல் முழுக்க ஆவியான பின்தான் சால்டரிங். ஈயம் வைத்ததைவிட அதை அரத்தால் ராவி எடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. ஃபுளோட் கனத்தால் தாழ மிதக்கும், பெட்ரோல் மட்டம் ஏறும், பழையபடி புகைதான்.

புதிது கிடைக்காதா என்றேன். உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. "சென்னைல ஜி.பி. ரோட்டுல தேடலாம், புதுப்பேட்டைல பொறுக்கலாம். அதுக்குள்ள இத ஒட்டிடலாம்."

ஐட்லிங்கை வைத்து முடித்ததும் ஆலப்பாக்கம் வரை ஓட்டச் சொன்னார். திரும்பும்போது ஓட்டத்திலேயே சாவியை அணைத்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும்; ஐட்லிங்கில் விட்டால் பிளக் நிறம் மாறிவிடுமாம். சொன்னபடி செய்தேன். முதல் இரண்டு பிளக்கும் நல்ல டீ நிறம். மூன்றும் நான்கும் வெளுத்திருந்தன. இந்த எஞ்சினில் உள்ளிழுக்க இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஒரே வாய்.

"பின்பக்கம் மேனிஃபோல்டு கேஸ்கெட்ல காத்து இழுக்குது," என்றவர், பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு மறுபடி ஸ்பேனரை எடுத்தார்.