கிளி வீட்டுக்கு வந்த வழி

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது.  

உன் கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். லண்டனில் கியூ தோட்டத்துப் பக்கம் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் பச்சைக்கிளி நம்மூர்க் கிளிதானா என்பது ஒன்று. பாட்டி காலத்தில் திருக்கழுக்குன்றத்து வீட்டுத் தாழ்வாரத்தில் எப்போதும் ஒரு கிளி இருந்ததாமே, இப்போது குழந்தைக்கு ஒன்று வாங்கி வைக்கச் சொன்னால் பெரியப்பா ஏன் பேச்சை மாற்றுகிறார் என்பது இன்னொன்று. போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் ஊர்க் கிளி. அடுத்த முறை கிட்டத்தில் வந்து உட்கார்ந்தால் அதன் கீழ் அலகைப் பார். செங்கல்பட்டுக் கிளிக்கு மேல் அலகு சிவப்பு, கீழ் அலகு கருப்பு. அங்கே உள்ளதற்குக் கீழ் அலகும் பெரும்பாலும் சிவப்பாகவே இருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது ஒரு உள்ளினம்; வட இந்தியா, பாகிஸ்தான் பக்கத்தில் இருப்பது வேறொன்று. ஐரோப்பாவில் பரவிய கிளிகளின் மரபணுவைப் பார்த்து 2015இல் வெளிவந்த ஆய்வும், அவற்றில் பெரும்பாலானவை அந்த வடக்கத்திக் கிளிகள் என்றே சொல்கிறது. ஆக, அது நம் பங்காளி வீட்டுப் பிள்ளை.

அங்கே எப்படிப் போனது? ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற கிட்டார்க்காரர் கார்னபி தெருவில் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டார் என்று ஒரு கதை உன் காதில் விழுந்திருக்கும். 'ஆப்பிரிக்கன் குயின்' படப்பிடிப்பிலிருந்து தப்பியது என்று இன்னொரு கதை. கிளிகள் எங்கெங்கே தென்பட்டன என்ற பழைய பதிவுகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்த குயின் மேரி பல்கலைக்கழகத்தார், 2019இல் இந்தக் கதைகளுக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கூண்டிலிருந்து தப்பியவைதான் பெருகியிருக்கின்றன. 1930ஐ ஒட்டிக் கிளிக்காய்ச்சல் பீதி கிளம்பியபோது பயந்துபோய் ஜனங்களே திறந்துவிட்டதும் உண்டாம். நம் நாட்டில் பிடித்து, கப்பலிலும் விமானத்திலும் விற்பனைக்கு அனுப்பிய பறவை அங்கே போய் விடுதலை அடைந்திருக்கிறது. கேட்க வேடிக்கையாக இருந்தாலும், எத்தனை பறவை வழியிலேயே செத்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

இனி நம் வீட்டுக் கிளி. பெயர் மீனு. கழுத்தில் வளையம் வராததால் பெட்டை என்று தெரிந்தது. ஆணுக்குக்கூட அந்த வளையம் வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். மீனுவுக்கு நிலக்கடலை கொடுத்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒற்றைக் காலில் நின்று, முன்னே இரண்டும் பின்னே இரண்டுமான விரல்களால் கடலையைப் பிடித்து, அலகால் உருட்டி உருட்டி ஓட்டைத் தள்ளி, பருப்பின் மேல் இருக்கும் சிவப்புத் தோலையும் நாக்கால் உரித்துத் துப்பிவிட்டுத்தான் தின்னும். பச்சை மிளகாயை வெள்ளரிப் பிஞ்சு மாதிரி கடிக்கும். மிளகாய் தின்றால் நாக்கு நன்றாகப் புரளும் என்பாள் பாட்டி. அப்படியெல்லாம் இல்லை, பறவைகளுக்கு மிளகாய் உறைக்காது, அவ்வளவுதான். வசம்பைக் கூடச் சுட்டு நாக்கில் தடவிப் பார்த்தாள். மீனு பேசியது என்னவோ வீட்டார் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான். பால்காரர் சைக்கிள் மணி கேட்டதும், "பால் வந்தாச்சு, சொம்பை எடு" என்று பாட்டி குரலிலேயே கூப்பிடும். தாத்தா இரண்டு முறை ஏமாந்து எழுந்து போயிருக்கிறார்.

இவ்வளவு செல்லமாக இருந்த பறவை வீட்டுக்கு வந்தது எப்படி என்று யாரும் பேசுவதில்லை. சதுரங்கப்பட்டினம் போகும் சாலையிலும் மாமல்லபுரம் போகும் வழியிலும் அப்போது மொட்டைப் பனைகள் நிறைய. தலை போன பனைதான் கிளிக்கு வீடு. மட்கிய தண்டில் மரங்கொத்தி போட்ட பொந்தை அகலமாக்கிக்கொண்டு உள்ளே முட்டை இடும். தை, மாசியில் குஞ்சு இருக்கும். ஆள் ஏறி, இறகு முளைக்காத குஞ்சுகளைத் துணிப்பையில் போட்டு இறங்குவார். தாய்க்கிளி மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தும். சந்தைக்கு வரும்போது குஞ்சுகளின் கண் பூஞ்சையாக இருக்கும். பாதி ஒரு வாரம் தாங்காது. பிழைத்த ஒன்றுக்குச் சிறகை வெட்டிக் கூண்டில் போட்டு, நாம் பெயர் வைப்போம். முயலையும் கோழியையும் போல வீட்டில் பெருக்கி வளர்த்த உயிர் அல்ல அது. பாட்டியின் பாசம் பொய்யில்லை. அந்தப் பாசத்துக்கு முன்னால் ஒரு திருட்டு இருந்ததும் பொய்யில்லை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பறவைமேல் இரக்கம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்து மூலம் உரிமை வாங்கி வைத்திருந்த ஊர் அது. 1936இல்தான் அரசு அதைச் சரணாலயமாக அங்கீகரித்தது. தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. ஆனால் நாரையும் கொக்கும் ஏரித் தண்ணீரில் எச்சம் போடும். அந்தத் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும். கிளி அப்படியா? கதிரைக் கடித்துப் பாதியை உதிர்த்துவிட்டுப் போகும், மாங்காயைக் குத்திப் போடும். சங்க காலத்துப் பெண்கள் தினைப்புனத்தில் கிளி ஓட்டினார்கள் என்று பள்ளியில் படித்திருப்பாயே, அந்தப் பகை பழையது. எரு தந்த பறவைக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். கதிர் தின்ற பறவைக்குப் பரிந்து பேச ஆளில்லை. அழகும் குரலும் இருந்ததால் அதற்குக் கூண்டு கிடைத்தது. இது என் கணக்கு. படித்தவர்கள் வேறு சொல்லலாம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். 1991இல் திருத்தம் வந்தபோது நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை விற்பதும் வாங்குவதும் தடை. தாழ்வாரத்துக் கிளிக்கும் அது பொருந்தும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மீனு அந்தக் கூண்டிலேயே கிழடாகிப் போய்ச் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின் பச்சைக்கிளி அந்தச் சட்டம் காக்கும் உயிர்களின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதற்குச் சற்று முன், 2023 பிப்ரவரியில், நடிகர் ரோபோ சங்கர் வீட்டிலிருந்து இரண்டு பெரிய கிளிகளை, தோளில் சிவப்புத் திட்டு உள்ள அலெக்சாண்டிரின் கிளிகளை, வனத்துறை எடுத்துப்போய், 2.5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. வீட்டைச் சுற்றிக் காட்டிய வீடியோவில் கிளிகளும் தெரிந்ததுதான் வினை. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தல் சமயம், கடலூரில் போட்டியிட்ட தங்கர் பச்சான் ஜெயிப்பார் என்று ஒரு ஜோசியக் கிளி சீட்டு எடுத்துக் கொடுத்தது. ஜோசியக்காரரை வனத்துறை பிடித்து எச்சரித்து அனுப்பியது, கிளிகள் பறிமுதல். தேர்தலில் தங்கர் பச்சான் தோற்றார் என்பது கிளிக்குத் தெரிய நியாயமில்லை.

ஜோசியக்காரர்கள் பாவம், பரம்பரைப் பிழைப்பு போயிற்று. அவர்களுக்கு மாற்றுத் தொழில் காட்டியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் சட்டம் சரியானது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைத் தினமும் இலையால் புதிதாகச் செய்கிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ. அவளே உயிர்க்கிளி கேட்கவில்லை.

வீட்டில் கிளி வளர்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. உன் தம்பி இரண்டு காக்கட்டீல் வைத்திருக்கிறான். ஆஸ்திரேலியப் பறவை, கூண்டிலேயே பல தலைமுறை பிறந்து வளர்ந்தது. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிறார்களே, அந்த பட்ஜியும் அப்படித்தான். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி மாதிரியானவற்றுக்கு 2024இல் வந்த விதிப்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யவேண்டும். காக்கட்டீல் பதினைந்து, இருபது வருஷம் இருக்கும். நாள்முழுக்கத் தனியாக விட்டால் தன் இறகைத் தானே பிய்த்துக்கொள்ளும். வேலைக்குப் போகிற இருவரும் காலையில் பூட்டிவிட்டுக் கிளம்பும் வீட்டுக்கு அது ஆகாது.

பச்சைக்கிளி பார்க்கக் கூண்டு வேண்டியதில்லை. சாயங்காலம் கொளவாய் ஏரிக்கரையில் நின்றால் கீச்சிட்டுக்கொண்டு தலைக்கு மேலே போகும். ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த சேகர், சுனாமிக்குப் பின் மொட்டை மாடிக்கு வந்த சில கிளிகளுக்கு அரிசி வைக்க ஆரம்பித்தார். பிறகு ஆயிரக்கணக்கில் வந்து பலகைகளில் வரிசையாக உட்கார்ந்தன. நானும் நம் மாடியில் ஊறவைத்த அரிசியும் தண்ணீரும் வைக்கிறேன். உப்புப் போட்ட சோறு மட்டும் ஆகாது. பாத்திரத்தைத் தினமும் கழுவவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

எனக்குப் பெரிய கவலை கூண்டு இல்லை, பனை. மாமல்லபுரம் பக்கம் மனை போடுகிறவர்கள் முதலில் சாய்ப்பது மொட்டைப் பனையைத்தான். பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது நல்ல காரியம். பச்சைப் பனைக்கே கேட்க ஆளில்லாத இடத்தில் பட்ட பனைக்கு யார் கேட்பார்கள்? நம் கொல்லையில் நிற்கும் தலையற்ற பனையை வெட்டிவிடு, வீட்டின் மேல் விழும் என்று உன் அம்மா வருஷா வருஷம் சொல்கிறாள். அது சுவருக்கு எதிர்ப்பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. நான் வெட்டப் போவதில்லை.

தை மாதம் குழந்தையோடு வா. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ வேறெங்கோ யாராவது துணியைத் திறந்து பச்சைக்கிளிக் குஞ்சைக் காட்டினால், பாவம் என்று இரக்கப்பட்டுக்கூட வாங்கிவிடாதே. ஒன்றை வாங்கினால் அடுத்த வாரம் இன்னொரு பனையில் ஏறுவார். வனத்துறைக்குத் தகவல் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள பெரியப்பா
செங்கல்பட்டு