ஏன் என்று கேளாத உழைப்பு

தொழிலாளி தன் வேலையின் பயனை அறிய வேண்டியதில்லை, சொன்னதைச் செய்தால் போதும் என்பார் எந்நாட்டிலும் உளர். அன்னார் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டத்தக்க நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதனைச் சற்று ஆராய்வோம்.

யுரேனியத்தில் ஆயிரத்திற்கு ஏழு பங்கே 235 என்னும் எடையெண் கொண்ட அணுக்கள். ஏனையவை பெரும்பாலும் 238. அணுகுண்டிற்கு வேண்டியது அவ்வேழு பங்கே. இரண்டிற்கும் இரசாயன குணம் ஒன்றே, வேற்றுமை எடையில். பேராசிரியர் எர்னஸ்ட் லாரன்ஸ் இவற்றைப் பிரிக்க வழி கண்டார். யுரேனியக் கூட்டுப்பொருளை ஆவியாக்கி, மின்னேற்றி, காற்றகற்றிய தொட்டியில் பெருங்காந்தத்தினிடையே பாய்ச்சினால் அணுக்கள் வளைந்தோடும். இலேசானது மிகுதியாக வளையும். கனத்தது குறைவாக வளையும். அரைவட்டம் ஓடி முடிகையில் இரண்டிற்கும் இடையே ஓர் அங்குலத்திற்கும் குறைந்த இடைவெளி உண்டாகும். அங்கே அவற்றைத் தனித்தனியே ஏந்திக்கொள்ளலாம்.

1943-இல் டெனிசி மாநிலத்து ஓக் ரிட்ஜில் இதற்கென ஆலை எழுந்தது. செம்பு கிடைப்பது அரிதாகவே, காந்தச் சுருள்களுக்காக அரசாங்கக் கருவூலத்தினின்று 13,000 டன்னுக்கு மேற்பட்ட வெள்ளி கடனாகப் பெறப்பட்டது. முள்ளைப் பார்த்துக் குமிழைத் திருப்பும் வேலையில் அமர்ந்தோர் பெரும்பாலும் பள்ளிப்படிப்பு முடித்த இளம்பெண்கள். எதைச் செய்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை, கேட்கவும் கூடாது. ஒருமுறை லாரன்சின் விஞ்ஞானிகளுக்கும் இவர்களுக்கும் உற்பத்தியில் போட்டி நிகழ, பெண்களே வென்றனர். முள் அசைந்தால் விஞ்ஞானிகள் காரணம் தேடப் புகுந்தனர். பெண்களோ திருத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தனர்.

அறியாமையன்றோ வென்றது என்பர் அக்கட்சியினர். கூரிய கண்ணும் பழகிய கையும் வென்றன என்போம் நாம். அறியாமை அப்பெண்களுக்கு அளித்த பரிசு வேறு. 1945 ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமா எரிந்து பல்லாயிரவர் மாண்ட பின்னரே, தாம் திருப்பிய குமிழ் எதற்கென்று அவர்கள் அறிந்தனர். முன்னரே அறிந்திருந்தால் உடன்பட்டிருப்பரோ, மறுத்திருப்பரோ, நாம் சொல்லற்கில்லை. சொல்லும் வாய்ப்பே அவர்களுக்கு அளிக்கப்படவில்லை என்பதே நம் வழக்கு.

கடன் வாங்கிய வெள்ளிக்கு அவுன்சுக் கணக்கு வைத்தனர். 1970-இல் கடைசிப் பகுதியையும் கருவூலத்திற்குத் திருப்பினர். அப்பெண்களிடம் பெற்ற நம்பிக்கைக்கு எந்த ஏட்டில் கணக்கு எழுதப்பட்டது?

தோட்டத்திலாயினும் தொழிற்சாலையிலாயினும், தெளிக்கும் மருந்து யாது, செய்யும் பொருள் யார் கைக்குச் செல்வது என்று வினவுதல் பணிவின்மை ஆகாது. வினவுதற்கு வேண்டிய விஞ்ஞான அறிவை நம் மக்களுக்கு, சிறப்பாக நம் பெண்மக்களுக்கு, அளிப்பது நம் கடன். கூலியைக் கேட்கக் கற்ற நாம், காரணத்தையும் கேட்கக் கற்போமாக!