அடிக்கச் சொன்ன வரி

போன மாதம் ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தேன். ஹெர்னியா ஆபரேஷன். போனிலும் நேரிலும் விசாரித்த நண்பர்களுக்கு நன்றி. இப்போது வீட்டுக்குள் நடக்கிறேன். கடற்கரை வரை போக டாக்டர் இன்னும் விடவில்லை. ஆபரேஷனைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுபதைத் தாண்டியவன் அதை ஆரம்பித்தால் படிக்கிறவர்கள் அவரவர் ஆபரேஷனைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் காலை. இரவு டியூட்டி நர்சுகள் பகல் டியூட்டிக்காரர்களிடம் கட்டில் கட்டிலாக நோயாளிகளை ஒப்படைத்துக்கொண்டு வருகிற நேரம். என் பக்கத்துக் கட்டில்காரருக்கு இரவில் எவ்வளவு சிறுநீர் போனது என்று குறிக்க அந்தச் சின்னப் பெண் மறந்துவிட்டது. வயதில் மூத்த சிஸ்டர் தாளைப் பார்த்தார். "இதுகூட எழுதத் தெரியாதா? எந்தக் காலேஜ்ல காசு கொடுத்து பாஸ் பண்ணினே?" என்றார். மெதுவாகச் சொல்லவில்லை. ஆறு கட்டிலும் கேட்டது, துணைக்கு இருந்தவர்கள் கேட்டார்கள், தரை துடைக்கிற அம்மாள் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பெண் பதில் பேசவில்லை. பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் கவனித்தேன். முதல் நாள் இரவெல்லாம் அவளை "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்ட பக்கத்துக் கட்டில்காரரின் மகன், அன்று இரவு அவள் மறுபடி டியூட்டிக்கு வந்ததும் விரலைச் சொடுக்கி, "ஏய் நர்ஸு, டிரிப்ஸ் முடியுது பாரு" என்றான். இவளை இப்படிக் கூப்பிடலாம் என்று அவனுக்கு அனுமதி காலையிலேயே கிடைத்துவிட்டது.

இந்தக் காட்சி எனக்குப் புதிதில்லை. எண்பதுகளில் சில வருஷம் ஓர் அரசு மருத்துவமனையின் எஸ்டாப்ளிஷ்மெண்ட் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. நர்சுகளின் சர்வீஸ் புத்தகம், லீவு, இன்கிரிமெண்ட், பி.எஃப். அட்வான்ஸ் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். மெமோவும் என் மேஜை வழியாகத்தான். வார்டில் காலையில் கத்துகிற கத்தல் மத்தியானத்துக்குள் காகிதமாகி என்னிடம் வந்து சேரும். "பணிவின்மை", "கடமையில் அலட்சியம்" என்ற இரண்டு வார்த்தைகளை நான் ஆங்கிலத்தில் எத்தனை தடவை டைப் அடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

என்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நைட் டியூட்டி முடித்துவிட்டுத் தூக்கம் சொக்கும் கண்ணோடு ஒரு நர்ஸ் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றால், நான் உடனே தலை தூக்கமாட்டேன். கையில் இருக்கிற ஃபைலை முடித்த பிறகுதான் தூக்குவேன். அந்த ஃபைல் அவசரமானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. "நாளைக்கு வாங்க" என்பேன். மரியாதையாக, "வாங்க" என்றுதான் சொல்வேன். ஒரு ஹெட் சிஸ்டர், என் அம்மாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர், மகள் கல்யாணத்துக்கு பி.எஃப். அட்வான்ஸ் கேட்டு மூன்று நாள் அப்படி நின்றார். மூன்றாம் நாள் அவர் என்னிடமிருந்து வார்டுக்குத் திரும்பிப் போய் யாரிடம் எப்படிப் பேசினார் என்று நான் அன்றைக்கு யோசித்ததில்லை.

எங்கள் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும்: மொழிப் பாடத்தின் ஆரம்பத்திலேயே மெஸ்யே இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டிவிடுவார். நெருக்கமானவருக்கு "தூ", மற்றவர்களுக்கு "வூ". தமிழ்க் காதுக்கு "தூ" என்பது துப்புகிற ஓசை, வகுப்பே சிரிக்கும். மெஸ்யே சிரிக்க மாட்டார். தப்பான இடத்தில் "தூ" சொன்னால் நிஜமாகவே துப்பியது மாதிரிதான் என்பார். அதனால் மரியாதை என்பது "நீ"க்கும் "நீங்க"ளுக்கும் நடுவில் இருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில்தான் அந்த எண்ணம் கலைந்தது.

அங்கே ஒரு மேட்ரன் இருந்தார். எல்லாரையும் "வாடி, போடி"தான். ஆயாவிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் வரை வித்தியாசமே கிடையாது. என்னைக்கூட ஒருமுறை "டேய் தம்பி" என்றார். ஆனால் ராத்திரி ரவுண்ட்ஸ் வந்தால் புதுப் பெண்ணின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "தெரியலைன்னா கேளுடி. பத்துத் தடவ கேளு. பதினோராவது தடவ திட்டறேன்" என்பார். அவர் இருந்த வரைக்கும் மருந்து விஷயமாக ஒரு மெமோகூட நான் அடித்ததாக ஞாபகம் இல்லை. தப்பே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. நடப்பதற்கு முன்னாலேயே யாராவது அவரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பார்கள்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தது நான் சொல்லவந்த விஷயம்.

காரைக்கால் பக்கத்துப் பெண். வேலையில் சேர்ந்து ஆறேழு மாதம், புரொபேஷனில் இருந்தாள். அந்த வார்டில் இரவில் நாற்பது கட்டிலுக்கு ஒரே நர்ஸ். காலிப் பணியிடங்களை நிரப்பக் கேட்டு நான் அனுப்பிய ஃபைல் நிதித் துறையிலிருந்து கேள்வியோடு இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் போடவேண்டிய இன்சுலினை டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார். ஆறு யூனிட். யூனிட் என்பதற்குப் பதில், பக்கத்தில் ஆங்கில எழுத்து "யு" மட்டும். கிண்ணம் மாதிரி இருக்கிற அந்த எழுத்தை அவசரத்தில் வாய் மூடி எழுதினால் சைபர். ஆறு, அறுபது ஆகிவிட்டது.

அவளுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. அப்போது நம் ஊரில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ற ஒரு மில்லி சிரிஞ்சுதான். அறுபது என்றால் ஒரு தடவை நிரப்பியது போதாது, இரண்டாம் தடவை இழுக்க வேண்டும். இரண்டாம் தடவை இழுக்கும்போது கை நின்றது என்று பிறகு என்னிடம் சொன்னாள். டியூட்டி டாக்டர் அறை அதே வராந்தாவில், இருபது அடி தூரத்தில்.

அவள் போகவில்லை. நாலு நாளைக்கு முன்னால்தான் இதே மாதிரி ஒரு கையெழுத்து புரியாமல் நள்ளிரவில் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறாள். டாக்டர் வெளியே வந்து வார்டு நடுவில் நின்று, "உங்களுக்கெல்லாம் யாருங்க சர்டிஃபிகேட் கொடுத்தது? படிக்கத் தெரியாதவங்க எதுக்குங்க இந்த வேலைக்கு வர்றீங்க?" என்று கேட்டாராம். பாருங்கள், வார்த்தைக்கு வார்த்தை "ங்க" இருக்கிறது. எங்கள் மெஸ்யே கேட்டிருந்தால் இலக்கணப் பிழை ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. மறுநாள் காலையில் ஹெட் சிஸ்டர் தன் பங்குக்கு, "உன்னால நான் பேச்சு வாங்கினேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் போய்க் கதவைத் தட்டுவியா?" என்றிருக்கிறார்.

ஆகவே ஊசி போட்டுவிட்டாள். பத்தரை மணிவாக்கில் அந்த மனிதர் வியர்த்து நனைந்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடந்ததைப் பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த பாட்டி பார்த்துக் கத்தினாள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். விடிவதற்குள் கண் திறந்துவிட்டார். தெய்வாதீனம் என்றுதான் எல்லாரும் சொன்னோம்.

மெமோவை நான்தான் தயார் செய்தேன். 1965ஆம் வருஷத்து சி.சி.எஸ். (சி.சி.ஏ.) விதிகளில் 16ஆவது விதி, சிறு தண்டனைகளுக்கு உரியது. "சந்தேகம் இருந்தும் மேலதிகாரியிடம் கேட்டுத் தெளியாதது ஏன்" என்ற வாசகம் என்னுடையது. நல்ல வாசகம் என்று சூப்பரின்டென்டென்ட் பாராட்டினார்.

இரண்டு நாள் கழித்து அவள் பதிலை எழுதி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஒரு பக்கம், பள்ளிக்கூடத்து ஆங்கிலம். கொடுப்பதற்கு முன் நான் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அன்றைக்கு என்னவோ உடனே தலை தூக்கினேன். உட்காரச் சொன்னேன். படித்தேன். நடுவில் ஒரு வரி: முன்பு கேட்டபோது எல்லார் முன்னிலையிலும் திட்டினார்கள், ஆகையால் மறுபடி கேட்கப் பயந்தேன்.

"இந்த வரி வேண்டாம்மா" என்றேன்.

"அதுதானே சார் நடந்தது?"

"நடந்தது சரி. இது உள்ள போனா டாக்டர் பேர் வரும், ஹெட் சிஸ்டர் பேர் வரும். சிறு தண்டனையோட முடியற விஷயம் பெரிய என்கொயரி ஆயிடும். நீ இன்னும் புரொபேஷன்ல இருக்கே. கவனக்குறைவு, மன்னிக்கணும்னு எழுது. ஒரு கண்டனத்தோட போயிடும்."

அவள் கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மேஜையிலேயே, என் பேனாவாலேயே அந்த வரியை அடித்துவிட்டு வேறு தாளில் திருத்தி எழுதினாள். நான் சொன்னபடியே கண்டனத்தோடு போயிற்று. அந்த வருஷ தீபாவளிக்கு எனக்கு ஒரு டப்பா அதிரசம் கொண்டுவந்து கொடுத்தாள். உதவி செய்தேன் என்று நானும் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் தங்கையின் பேத்தி இப்போது நர்சிங்கில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவளிடம் போனில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். "தாத்தா, இது எங்களுக்குப் பாடமாவே இருக்கு" என்றாள். அமெரிக்காவில் 1986இலேயே ஜூடித் மெய்ஸ்னர் என்பவர், நர்சுகளாகிய நாம் நம் குஞ்சுகளையே தின்கிறோமா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினாராம். 2015இல் இஸ்ரேலில் ஒரு சோதனை. குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் டாக்டர்களும் நர்சுகளும் சேர்ந்த 24 குழுக்கள், பொம்மைக் குழந்தை ஒன்றுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் கவனிப்பதாகச் சொன்னார்கள். சில குழுக்களிடம் அந்த நிபுணர் சாதாரணமாகப் பேசினார். மற்றக் குழுக்களிடம் அந்த நாட்டு வைத்தியத் தரத்தையே மட்டம் தட்டிப் பேசினார். யாரையும் பெயர் சொல்லித் திட்டக்கூட இல்லை. அவ்வளவுக்கே அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் செய்முறையிலும் பின்தங்கிவிட்டன. ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவரிடம் சொல்வது குறைந்ததும், உதவி கேட்பது குறைந்ததும்தான் காரணம் என்று கண்டார்களாம்.

இன்னொன்றும் சொன்னாள். யூனிட் என்பதற்கு வெறும் "யு" எழுதவே கூடாது, முழுச் சொல்லாக எழுத வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்களாம். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் அமைப்பு 2004இல் வெளியிட்ட "எழுதக் கூடாதவை" பட்டியலிலும் அந்த "யு" இருக்கிறதாம்.

போனை வைத்த பிறகு எனக்கு அந்த ஃபைல்தான் கண்ணில் நின்றது. அதில் என்ன இருக்கிறது? கவனக்குறைவான ஒரு நர்ஸ் இருக்கிறாள், மன்னிப்பு இருக்கிறது, கண்டனம் இருக்கிறது. டாக்டரின் கையெழுத்து இல்லை, நள்ளிரவுக் கத்தல் இல்லை, நாற்பது கட்டில் இல்லை. அதைப் பிறகு எடுத்துப் பார்க்கிற எந்த அதிகாரிக்கும் அந்த வார்டில் ஒரு பெண் கேள்வி கேட்கப் பயந்தாள் என்பது தெரிய வழியே இல்லை. நான் இருந்த வரையில் இன்சுலினை எப்படி எழுதவேண்டும் என்று ஒரு சர்க்குலர்கூட அங்கே வரவில்லை. வந்திருந்தால் நான்தான் டைப் அடித்திருப்பேன்.

அந்த வரியை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்கிறேன். அவள் வேலை போயிருக்கலாம். அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு இது மிகையாகத் தெரியாது. அவள் வீட்டில் அவள் சம்பளம்தான். இன்றைக்கு மறுபடி வந்து என் எதிரே உட்கார்ந்தாலும் என்ன சொல்வேன் என்று எனக்கு நிச்சயமில்லை.

மருத்துவமனையில் அன்று இரவு, அதாவது காலையில் திட்டு வாங்கிய அன்று இரவு, அந்தச் சின்னப் பெண் எனக்கு மாத்திரை கொண்டுவந்தது. முதல் இரண்டு ராத்திரியும் இரத்த அழுத்தத்துக்கு வெள்ளை மாத்திரை. இன்றைக்கு வெளிர் மஞ்சள்.

"கலர் மாறியிருக்கேம்மா?" என்றேன்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "கம்பெனி வேறயா இருக்கும் தாத்தா" என்றாள். சொன்னாளே தவிர மாத்திரையைக் கையில் கொடுக்கவில்லை. நர்சுகள் உட்காரும் மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காலையில் திட்டிய அதே சிஸ்டர், அன்று இரவும் தங்கியிருந்தவர், அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பெண் நகரவில்லை.

"நான் கேட்டேன்னு சொல்லு" என்றேன். "பதினாறாம் நம்பர் கட்டில் கிழவன் மாத்திரையை வாங்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறான், தொல்லை தாங்கலைன்னு சொல்லு."

சிரித்துவிட்டுப் போனாள். மூத்த சிஸ்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தார், கேஸ் ஷீட்டைப் பார்த்தார், என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அதே மருந்துதான், கம்பெனிதான் வேறு. தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தேன்.