மக்காச்சோளம் தின்ற ஆடு

தை அறுவடை தொடங்கிவிட்டால் விளாத்திகுளம் பக்கத்துத் தார்ச்சாலைகளில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காயும். கம்பும் குதிரைவாலியும் விளைந்த கரிசலில் இன்று கண்ணுக்கு எட்டியவரை மக்காச்சோளம்தான். கோழித் தீவனத்துக்குப் போகிற சோளம். வியாபாரியின் லாரி வரும்வரை களத்திலும் ரோட்டோரத்திலும் குவிந்து கிடக்கும். இந்தக் குவியல்களால் ஆடுகள் சாகின்றன என்று அரசுக் கால்நடை மருந்தகத்தில் மருத்துவராக இருக்கும் தோழி சொன்னபோது எனக்குப் புரியவில்லை. தீவனத்துக்கென்றே விளைகிற தானியத்தை ஆடு தின்றால் என்ன? "ஒரு நா கூட வந்து பாருங்க" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேப்பமரத்தடியில் ஒரு கன்னி ஆடு படுத்துக் கிடந்தது. கறுத்த உடம்பு, முகத்தின் இரு பக்கமும் வெள்ளைக் கோடு. பால்கன்னி என்பார்கள், கோடு செவலையாக இருந்தால் செங்கன்னி. காய்ந்த புல்லையும் வேலிக்கருவை நெற்றையும் தின்றே இரட்டைக் குட்டி போட்டு வளர்த்துவிடும் இனம். இந்த ஆடு தலையை விலாப் பக்கம் திருப்பி வைத்திருந்தது. பற்களை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் தாங்க முடியாததாக இருந்தது.

"நேத்து விடியக்காலம் கயித்த அறுத்துட்டுப் போயிருக்கு டாக்டரம்மா. போயிப் பாத்தா களத்துல நின்னு தின்னுக்கிட்டிருக்கு. சரி, வயிறாரத் தின்னுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். ராத்திரி அசபோடல. காலையில எந்திரிக்க மாட்டேங்குது."

"தண்ணி குடிச்சுதா பெரியம்மா?"

"வாளி வாளியாக் குடிச்சுது தாயி."

மருத்துவர் வெப்பமானி வைத்துப் பார்த்தார். நலமான ஆட்டுக்கு 102, 103 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். இதற்கு 101-ஐத் தொடவில்லை. கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்துவிட்டார். மடிப்பு உடனே விரியாமல் அப்படியே நின்றது. கண்கள் உள்ளே போயிருந்தன. இடுப்பெலும்புக்கு முன்னால் இடது பக்கத்துப் பள்ளம் பள்ளமாகவே இல்லை, மேடாகியிருந்தது. அங்கே முஷ்டியை வைத்து அழுத்தி விட்டதும் அரைக்குடம் தண்ணீரை ஆட்டினாற்போல் உள்ளே தளும்பியது. ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டிவிட்டார். ஆட்டின் இரைப்பை நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை புரண்டு கொடுக்கும், அந்த உறுமல் கேட்க வேண்டும். நெடுநேரம் காத்திருந்தும் ஒன்றும் கேட்கவில்லை.

நீளமான ஊசியால் அதே இடத்திலிருந்து கொஞ்சம் நீர் எடுத்து, அமிலம் பார்க்கிற தாளில் விட்டார். புல் தின்கிற ஆட்டுக்கு அந்த அளவு 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்கும். தாளின் நிறம் 5-க்கும் கீழே என்று காட்டியது. புளித்த நெடி என் மூக்குவரை வந்தது.

ஆட்டின் வயிற்றில் புல்லைச் செரிக்கவைப்பது ஆடு அல்ல, அங்கே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். நார்த்தீவனம் மெதுவாகப் புளிக்கும். அந்த வேகத்துக்குப் பழகியவை அவை. திடீரென்று மாவுச்சத்து வந்து குவிந்தால் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகி, மற்ற உயிர்களை அந்த அமிலத்திலேயே சாகடித்துவிடும். செறிந்துபோன வயிறு உடம்பிலுள்ள தண்ணீரையெல்லாம் தன் பக்கம் இழுக்கும். வயிறு தளும்பத் தளும்பக் கண் குழிவிழுவது அதனால்தான். பிறகு அமிலம் ரத்தத்தில் ஏறும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தின்றாலும், ரேஷன் அரிசி மூட்டையில் வாய் வைத்தாலும் இதே கதைதான்.

பக்கத்துவீட்டுத் தாத்தா மூங்கில் குழாயில் நல்லெண்ணெய் நிரப்பித் தயாராக வைத்திருந்தார். மருத்துவர் அதை வாங்கிக் கீழே வைத்தார். தலையை அண்ணாந்து பிடித்து, நாக்கை இழுத்துக்கொண்டு ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போகும். எந்திரிக்க முடியாத ஆட்டுக்கு இருமித் துப்பவும் தெம்பு இருக்காது. வயிற்று நோவில் பிழைக்கிற ஆடு இந்த ஊற்றலில் செத்துப்போவதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அவரிடம் இருந்தது நடுவில் ஓட்டை போட்ட ஒரு மரக்கட்டை. அதைப் பற்களுக்கு நடுவே கொடுத்து, ஓட்டை வழியாக ரப்பர் குழாயை மெல்லச் செலுத்தினார். விழுங்க விழுங்க, கழுத்தின் இடது பக்கம் தோலுக்கடியில் குழாய் இறங்குவது தெரிந்தது. "இங்க தெரியணும். தெரியாம இருமுச்சுன்னா உருவிரணும்" என்று பெரியம்மாவின் விரலைப் பிடித்துத் தொட்டுப் பார்க்கவைத்தார். ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் உள்ளே போயிற்று. கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, குளுக்கோஸ் பாட்டில் மாதிரி ஒன்றை வேப்பங்கிளையில் கட்டினார்கள். எந்த உப்பு எவ்வளவு என்ற கணக்கு எனக்கு எட்டவில்லை. பி1 ஊசி எதற்கென்பது மட்டும் விளங்கியது: அந்த வைட்டமினைச் செய்துகொடுத்த நுண்ணுயிர்கள் இப்போது உயிரோடு இல்லை; கொடுக்காவிட்டால் மூளை பாதிக்கும்.

பாட்டில் இறங்க நேரமாயிற்று. ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பெரியம்மா பேச ஆரம்பித்தார். கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசில் பதினோரு வயதில் வேலைக்குப் போனவர். புருசன் போனபோது மகள் கைப்பிள்ளை. 2011-ல் அரசு விலையில்லா ஆடுகள் கொடுக்கத் தொடங்கிய பிறகு இவருக்கும் நான்கு கிடைத்தன. "ஆபீசுல குச்சி அடுக்குனா அன்னன்னக்கிக் கூலி. ஆடுன்னா அது நம்ம பேருல நிக்கிற காசு தம்பி" என்றார். இரண்டாம் வருடம் ஆட்டுக்கொல்லி வந்தது. மூக்கில் சளி, வாயெல்லாம் புண், கழிச்சல். ஒரே ஒரு குட்டி மிஞ்சியது. இந்தியாவில் அந்த நோய் முதலில் உறுதிசெய்யப்பட்டது 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே எடுத்த வைரஸிலிருந்தே நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசியும் செய்தது. ஒரு ஊசி மூன்று வருடம் காக்கும். அந்த ஊசியைப் பற்றி அப்போது யாரும் சொல்லவில்லை என்றார் பெரியம்மா. மிஞ்சிய குட்டியின் வழிவந்ததுதான் இப்போது மடியில் கிடப்பது. மகள் நர்சிங் படிக்கிறாள். ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு கிடாய்.

அன்று காலையில் எட்டயபுரம் சனிச்சந்தைக்குப் போகிற வழியில் ஒரு வியாபாரி வந்து பார்த்திருக்கிறார். "எப்படியும் செத்துரும், 1,500 தாரேன்" என்று கேட்டிருக்கிறார். நான் அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆடு 25 கிலோவாவது இருக்கும். அறுத்தால் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி விழும், 12 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். கறி கிலோ 800 ரூபாய்க்குக் குறைந்து எங்கும் இல்லை. ஒன்பதாயிரத்துக்கு மேல் கையில் புரளப்போகிற பொருளுக்கு 1,500! சாகப்போகிறது என்று சொன்ன அதே வாயால் அதை விலை பேசுவதும், நோயில் விழுந்த உயிரை ஊருக்குக் கறியாக விற்பதும் எப்படி வியாபாரமாகும்? நலமாக இருக்கிற ஆட்டுக்கும் இதுதான் நிலைமை. விற்கிறவளுக்குக் கண்மதிப்பு, வாங்கிப் போகிறவனுக்குத் தராசு. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத் தரகர்கள் பேசுகிற விலை, ஆட்டை வளர்த்தவளுக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது. கல்லூரிக் கட்டணத்துக்கு நாள் குறித்துவிட்டால் அதையும் மோப்பம் பிடித்துவிடுவார்கள். பால் கூட்டுறவுச் சங்கத்தில் பாலை அளக்க முடிகிறது, கொழுப்பைக்கூட அளக்க முடிகிறது. தமிழ்நாட்டில் 2019 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகள் இருக்கின்றன. அவற்றை நிறுத்துப் பார்க்க ஊருக்கொரு தராசு வைக்க நமக்கு ஏன் மனம் வரவில்லை? வறட்சியைவிடவும் நோயைவிடவும் இந்த மனிதர்களை இப்படியே வைத்திருப்பது அந்தத் தராசு இல்லாமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியம்மா விற்கவில்லை. "செத்தா எங்கையில சாகட்டும்னு சொல்லிட்டேன்" என்றார்.

மறுநாள் விடியுமுன்பே மருத்துவருடன் கறிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஆளுக ஈரலு, தலன்னு சொல்லி வைப்பாக. நீங்க ஒருத்தர்தான் வயித்துச் சாணியச் சொல்லி வைக்கீக" என்றார். அப்போதுதான் அறுத்த கிடாயின் இரைப்பையைக் கீறி, உள்ளே இருந்த பச்சைக் குழம்பைத் துணியில் பிழிந்து வெந்நீர் பிளாஸ்கில் நிரப்பினார்கள். சூடு ஆறக்கூடாது, காற்றும் படக்கூடாது, பட்டால் உள்ளிருக்கும் உயிர்கள் சாகும். போகிற வழியில் மருந்தகத்தைத் திறந்து ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். நீள்வட்ட உருவங்கள் மயிர்போன்ற இழைகளைத் துடுப்பாக அடித்துக்கொண்டு ஒன்றையொன்று இடித்துத் திரிந்தன. ஒரே சொட்டில் அத்தனை சந்தடி! முந்தின நாள் நம் ஆட்டிலிருந்து எடுத்த சொட்டில் அப்படி எதுவும் அசையவில்லை என்றார்.

வேப்பமரத்தடியில் மறுபடி கட்டை, மறுபடி குழாய். இந்த முறை பெரியம்மாவே கழுத்தைத் தொட்டு, "எறங்குது" என்றார். அரை லிட்டருக்கு மேல் உள்ளே போனது. வெயில் சாய்கிற நேரத்தில் ஆடு முன்னங்காலை ஊன்றி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. அகத்திக்கீரைக் கொத்தை நீட்டினார்கள், இரண்டு இலை கடித்தது. தொண்டையில் ஓர் உருண்டை மேலேறி வாய்க்கு வந்ததும் தாடை பக்கவாட்டில் அசைய ஆரம்பித்தது. பெரியம்மா அதன் முகத்தை இரு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கிக்கொண்டார்.

ஒரு வாரம் தானியம் ஆகாது, காய்ந்த புல்லும் கொஞ்சம் தழையும் போதும் என்றார் மருத்துவர். குளம்பில் வலி வந்து நொண்டினால் கூப்பிடச் சொன்னார். சினையாக இருப்பதால் குட்டி நிற்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரர் வந்து நின்றார். அவருடைய ஆடும் அதே களத்தில்தான் தின்றிருக்கிறது. சனிக்கிழமை காலையிலேயே 1,200 ரூபாய்க்கு அந்த வியாபாரியிடம் கொடுத்துவிட்டார்.

"ஒரு போன் போட்டிருக்கலாம்லண்ணே?"

"லீவு நாளு, கவர்மெண்டு ஆளுக யாரு வரப்போறாகன்னு நெனச்சேன் டாக்டரம்மா."

அவர் வீட்டுத் திண்ணைச் சுவரில் கரியால் எண்கள் எழுதியிருந்தன: டிராக்டர்காரர், பந்தல்காரர், ஆட்டு வியாபாரி. கால்நடை ஆம்புலன்சுக்கான 1962 அங்கே இல்லை. மருத்துவர் அதை எழுதச் சொன்னார், கீழே தன் எண்ணையும் சொன்னார்.

"மிச்சம் எத்தன உருப்படி இருக்கு?"

"ஏழு."

"ஆட்டுக்கொல்லி ஊசி?"

"போடல."

"புதன்கிழம காலையில வாரேன். காட்டுக்குப் பத்தாம வீட்டுலயே கட்டி வையுங்க. தெருவுல மத்தவகளுக்கும் சொல்லிருங்க" என்று வண்டியை எடுத்தார்.